ஆட்டக்காரரும் ஆளோலையும்

தஞ்சை மாவட்டத்தில் தை பிறந்து சம்பா அறுவடை முடிந்தபின், உளுந்தும் பயறும் தெளிக்காத திடல்களிலும் களத்து மேடுகளிலும் சிறுவர் கிட்டிப்புள் ஆடுவர். ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள கோல் கிட்டி. இரு முனையும் கூராகச் சீவப்பெற்ற சிறு கட்டை புள். சிறு குழியின்மேல் குறுக்காக வைத்த புள்ளைக் கிட்டியால் கெந்தி எறிவதும், அடித்துப் பறக்கவிடுவதும் ஆடுபவன் வேலை. அது தரையில் விழுமுன் பிடித்து அவனை வெளியேற்றுவது எதிரணியார் வேலை. தோற்றவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு ஓடவேண்டும். இதைத் தவிர வெற்றிக்குப் பரிசும் இல்லை. தோல்விக்குத் தண்டனையும் இல்லை. கிட்டிப்புள் ஆடுபவனுக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்று எந்த ஊரிலும் எவரும் எண்ணியதில்லை.

கிட்டிப்புள்ளை அறிந்தவர்க்கு அமெரிக்கரின் தேசிய விளையாட்டாகிய பேஸ்பால் என்னும் தளப்பந்தாட்டத்தை விளக்குதல் அரிதன்று. அணிக்கு ஒன்பதின்மர். ஒருவன் பந்தை வீசுவான். எதிரணியான் உருண்டைத் தடியால் அதை அடிப்பான். அடித்தவன் உடனே தடியை எறிந்துவிட்டு ஓடவேண்டும். சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்கள் உண்டு. ஒவ்வொரு தளத்திற்கும் இடையே 90 அடி. நான்கையும் முறையே தொட்டுப் புறப்பட்ட இடத்தை வந்தடைந்தால் ஓர் ஓட்டம். அடித்த பந்தைத் தரையில் படுமுன் எவரேனும் பிடித்தாலும், அவன் சென்றடைவதற்குமுன் பந்து முதல் தளத்தைச் சேர்ந்தாலும் அவன் வெளியேறுவான். மூவர் வெளியேறினால் அடிக்கும் முறை எதிரணிக்குப் போகும். இவ்வாறு ஒன்பது சுற்றுகள் ஆடுவர். கிரிக்கெட் ஆட்டம் நாட்கணக்கில் நீளும். இதுவோ இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆலையும் அலுவலகமும் விட்டு வருவோர் பொழுது சாய்வதற்குள் கண்டு மகிழ ஏற்றது. இவ்வொரு தன்மையே பின்னர் இதைப் பெரும் வாணிகமாக்கிற்று.

தொடக்கத்தில் இது பொழுதுபோக்காகவே இருந்தது. நியூயார்க் நகரத்தில் நிக்கர்பாக்கர் கழகத்தார் 1845ஆம் ஆண்டில் இதற்கு விதிகளை எழுதி அமைத்தனர். கணக்கர், வணிகர் போன்றோர் மாலை வேளைகளில் கூடி ஆடினர். பணம் பெற்றுக்கொண்டு ஆடுவது இழுக்கென்று கருதப்பட்டது. கழகங்களின் கூட்டமைப்பும் அதற்குத் தடை விதித்திருந்தது. ஆயினும் வெல்லவேண்டும் என்னும் வேட்கை விதியை மதிப்பதில்லை. கைதேர்ந்த வீசுநர் ஒருவரைத் தம் அணிக்கு இழுக்க விரும்பியோர் அவருக்குப் பெயரளவில் ஓர் உத்தியோகம் கொடுத்துச் சம்பளம் அளந்தனர். அல்லது வாயிலில் வசூலான பணத்தில் மறைவாகப் பங்களித்தனர். எல்லாரும் அறிந்த இரகசியம் அது.

இந்த மறைவை நீக்கியவர் ஹாரி ரைட் என்பவர். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் பிறந்தவர். கூலி பெற்று ஆடிய கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் மகன். விளையாட்டும் ஒரு தொழிலே என்பது அவர் வீட்டிலேயே கற்ற பாடம். 1869ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், பத்து ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் பேசி ஓர் அணியை அவர் அமைத்தார். சிவப்புக் காலுறை அணிந்தமையால் அவர்களைச் ‘சிவப்புக் காலுறையார்’ என்றே உலகம் அழைத்தது. ஹாரியின் தம்பி ஜார்ஜ் ரைட் பெற்ற சம்பளம் 1,400 டாலர். ஹாரி பெற்றது 1,200. அண்ணனும் தலைவருமாகிய தம்மைவிடத் தம்பிக்கு மிகுதியாகக் கொடுத்ததிலிருந்தே, இனி உறவுக்கும் மூப்புக்குமன்றித் திறமைக்கே விலை என்பது விளங்கிவிட்டது. சின்சினாட்டியின் பெயர் தாங்கிய அந்த அணியில் சின்சினாட்டியிற் பிறந்தவர் ஒருவரே என்பதும் நினைக்கத்தக்கது.

அவ்வாண்டு மே மாதத்தில்தான் அமெரிக்காவின் கீழ்க்கரையையும் மேல்கரையையும் இணைக்கும் இருப்புப்பாதை முடிவுற்றது. சின்சினாட்டி அணி அந்தப் பாதையில் ஏறிச் சான்பிரான்சிஸ்கோ வரை சென்று ஆடியது. அவ்வாண்டு முழுவதும் அது ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. மறு ஆண்டு ஜூன் 14ஆம் நாள் புரூக்ளினில் 11 சுற்றுகள் வரை நீண்ட ஆட்டத்தில் 8க்கு 7 என்னும் கணக்கில் தோற்றபோது, அச்செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆடுவதையே தொழிலாகக் கொண்டவரின் ஆட்டத்தைக் காண மக்கள் காசு கொடுப்பர் என்பது ஐயமற உறுதியாயிற்று.

காசு வரும் இடத்திற்கு முதலாளி வருவது இயல்பு. 1871இல் ஆட்டக்காரர்களின் பெயரால் ஏற்பட்ட சங்கம் ஐந்தாண்டுகளில் கலைந்தது. 1876 பிப்ரவரி 2ஆம் நாள் சிகாகோ நகரத்து வில்லியம் ஹல்பர்ட் என்பவர் முன்னின்று ‘தேசிய லீக்’ என்னும் அமைப்பை நிறுவினார். முந்தியது ஆட்டக்காரரின் சங்கம். இதுவோ கழகங்களின் சங்கம், அதாவது உரிமையாளரின் சங்கம். சூதாட்டத்தையும் குடியையும் ஒடுக்கி ஆட்டத்திற்கு ஒழுங்கைத் தந்தவர்கள் இவர்களே என்பதை மறுத்தற்கில்லை. ஆட்டக்காரன் தொழிலாளி, கழகம் முதலாளி என்னும் நிலை தோன்றியதும் இவர்களாலேதான்.

உரிமையாளரை வருத்திய செலவு சம்பளமே. திறமையுடையவன் ஆண்டு முடிந்ததும் மிகுதியாகக் கொடுப்பவரிடம் போய்விடுவான். அதைத் தடுக்க 1879ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் பஃபலோ நகரில் கூடிய அவர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வொரு கழகமும் தன் ஆட்டக்காரருள் ஐவரைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த ஐவரையும் வேறு எக்கழகமும் அமர்த்துவதில்லை. இதுவே ‘ஒதுக்கீட்டு விதி’ எனப்பட்டது. ஐவர் 1883இல் பதினொருவர் ஆயினர். சில ஆண்டுகளில் ஏறக்குறைய அணி முழுவதும் இவ்விதிக்குள் அகப்பட்டது.

பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இவ்விதி எவ்வாறு வேலை செய்தது என்பதைக் காணவேண்டும். ஆட்டக்காரன் கையெழுத்திடுவது ஓராண்டு ஒப்பந்தத்தில். ஆண்டு முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கு அவனை வைத்துக்கொள்ளும் உரிமை கழகத்திற்கு உண்டு. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்திலும் அதே உரிமை. கழகம் கொடுக்கும் சம்பளம் போதாதென்று அவன் மறுத்தால், வேறு எவரும் அவனை ஏற்கமாட்டார். அவன் ஆட்டத்தையே விட்டுவிடலாம். அஃதொன்றே அவனுக்கிருந்த உரிமை. கழகமோ, அவன் கால் ஒடிந்தாலும் கை தளர்ந்தாலும், பத்து நாள் அறிவிப்புக் கொடுத்து அவனை வெளியே அனுப்பிவிடலாம். ஒரு பக்கம் பத்து நாள். மறுபக்கம் ஆயுள் முழுவதும்!

சுந்தரர் வரலாற்றைப் படித்த தமிழ் மாணவர்க்கு ஆளோலை என்பது புதிய சொல்லன்று. ‘இவன் எனக்கு அடிமை’ என்று எழுதிய ஓலையைக் காட்டித் திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஒருவர் வழக்குரைத்த செய்தியை அவர்கள் அறிவர். பாட்டன் எழுதிக் கொடுத்தது பேரனைக் கட்டுப்படுத்தும் என்பதே அந்த ஓலையின் வன்மை. ஒதுக்கீட்டு விதியும் ஓர் ஆளோலையே. ஓராண்டுக்கென்று எழுதியது எல்லா ஆண்டுக்கும் கட்டுப்படுத்திற்று.

காவிரிப் பாசனப் பகுதியில் இதற்கு இன்னும் அண்மையான ஒப்புமை உண்டு. நாட்கூலி வேறு, பண்ணையாள் வேறு என்பதை இப்பகுதியின் முதியோர் நன்கு அறிவர். நாட்கூலி இன்று ஒருவர் வயலில் நாற்று நடுவான். நாளை மற்றொருவர் வயலுக்குப் போவான். பண்ணையாளோ திருமணத்திற்கென்றும் சாவுக்கென்றும் மிராசுதாரிடம் வாங்கிய முன்பணத்தாலும் வழக்கத்தாலும் ஒரே பண்ணையோடு பிணைக்கப்பட்டவன். 1843ஆம் ஆண்டின் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாதென்று விதித்த பின்னரும் கடன் என்னும் கயிறு அவனைக் கட்டியே வைத்திருந்தது. அவன் விற்றது உழைப்பையா, தன்னையா என்று கேட்டால் விடை கூறுதல் கடினம். இந்த ஒப்புமையை மிகவும் நீட்டலாகாது. அமெரிக்காவில் ஆலைத் தொழிலாளி ஆண்டு முழுதும் உழைத்து 500 டாலர் காண்பதே அரிதாயிருந்த காலத்தில், பந்தாட்டக்காரர் பலர் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு பெற்றனர். மரக்கால் நெல்லுக்குக் காத்து நின்ற பண்ணையாளின் துன்பம் அவர்க்கில்லை. ஆயினும் கயிறு பட்டாயினும் தேங்காய் நாராயினும் கட்டு கட்டே.

இக்கட்டின் உண்மை உருவம் 1887 பிப்ரவரியில் வெளிப்பட்டது. சிகாகோ அணியின் மைக் கெல்லி அக்காலத்தில் மக்கள் மிகவும் விரும்பிய ஆட்டக்காரர். ஆட்டக்காரருள் அரசர் என்னும் பொருளில் அவரைக் ‘கிங்’ கெல்லி என்றே அழைத்தனர். சிகாகோ கழகம் அவரைப் பாஸ்டன் கழகத்திற்கு 10,000 டாலருக்கு விற்றது. விலை முழுவதும் சிகாகோ உரிமையாளர் கைக்குச் சென்றது. கெல்லிக்குப் பாஸ்டனில் நல்ல சம்பளம் கிடைத்தது உண்மையே. ஆனால் ஒரு மனிதனின் திறமைக்கு வேறொருவர் விலை பெறலாம் என்பதை நாடு முழுவதும் செய்தித்தாளில் கண்டது அப்போதுதான்.

இதனை எதிர்த்து நின்றவர்களுள் முதல்வர் ஜான் மான்ட்கோமரி வார்டு. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். இருபது வயதில், 1880ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், எதிரணியில் ஒருவர்கூட முதல் தளத்தை அடையாதவாறு ஓர் ஆட்டம் முழுவதும் வீசிப் புகழ்பெற்றார். வீசும் கை பழுதுற்றபின் தளங்களுக்கிடையே நின்று பிடிக்கும் இடத்தில் ஆடினார். நியூயார்க் அணியில் ஆடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் பயின்று 1885இல் பட்டமும் பெற்றார். பகலில் பந்து, இரவில் சட்டநூல் என்று அவர் பெற்ற கல்வி வீண்போகவில்லை. தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரின் கண்கொண்டு படித்தார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் அவரும் அவருடைய தோழரும் கூடி ஆட்டக்காரர் சகோதர சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1887இல் மாத இதழ் ஒன்றில் வார்டு எழுதிய கட்டுரை, பந்தாட்டக்காரன் மனிதனா, உடைமைப் பொருளா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டிருந்தது.

இந்நிலையில்தான் தமிழ்நாட்டிற்கு மிக அண்மையில், இலங்கையிலுள்ள கொழும்பு நகரில், இவ்வாட்டக்காரர்கள் வந்திறங்கினர். ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்பவர் முன்பு சிறந்த வீசுநராயிருந்து, பின் பந்தும் தடியும் விற்கும் கடை வைத்துப் பெருஞ்செல்வரானவர். சிகாகோ கழகத்தின் தலைவர். உலகெங்கும் தளப்பந்தாட்டத்தைப் பரப்பினால் உலகெங்கும் பந்தும் தடியும் விற்கலாமன்றோ? 1888 அக்டோபர் 20ஆம் நாள் இரண்டு அணிகளோடு சிகாகோவிலிருந்து அவர் புறப்பட்டார். ஒன்று அவருடைய சிகாகோ அணி. அதன் தலைவர் ஆன்சன். மற்றொன்று பல கழகங்களிலிருந்தும் பொறுக்கி எடுத்த ‘அனைத்து அமெரிக்க’ அணி. அதன் தலைவர் வார்டே. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடியபின் சாலியர் என்னும் கப்பலில் இந்துமாக்கடலைக் கடந்து 1889 ஜனவரி 25ஆம் நாள் கொழும்பை அடைந்தனர். மறுநாள் அங்கு ஆட்டம் நடந்தது. ஒன்பது சுற்றும் ஆடவில்லை. ஐந்து சுற்றுகளில், இரு அணியும் மும்மூன்று ஓட்டம் பெற்றுச் சமநிலையில் நிறுத்தினர். பின் கப்பலேறி எகிப்து நோக்கிச் சென்றனர். இந்தியாவிற்குள் அவர்கள் வரவில்லை.

விளையாட்டின் அளவில் கொழும்பு ஆட்டம் சிறியதே. ஆனால் அது நடந்த தீவையும் அக்காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்போது இலங்கையில் காப்பிப் பயிர் நோயால் அழிந்து, மலைச்சாரல்களில் தேயிலைத் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன. அவற்றில் உழைத்தவர் தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழரே. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நெடுந்தொலைவு நடந்து மாத்தளை சேர்ந்தோர் பலர். வழியிலேயே மடிந்தோரும் பலர். கங்காணி கொடுத்த முன்பணமே அவர்களை அழைத்துச் சென்றது. அதுவே அவர்களைக் கட்டியும் வைத்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குப் போக விரும்புவோர்க்கு ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். இவர்களுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டத்தார் பழைய தோட்டத்தாருக்குப் பணம் கட்டுவர், ஆட்கள் கைமாறுவர், கடன் மட்டும் தீராது அவர்களுடனே வரும். துண்டு இல்லாதவரை வேறு தோட்டத்தார் ஏற்பதில்லை. அந்தச் சீட்டுக்குத் துரைமார் வேறு பெயர் தேடவில்லை. தமிழ்ச் சொல்லையே தம் மொழியிலும் வழங்கினர். தம்மைக் கட்டிய விதியை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் சிலர் கொழும்பில் ஒரு நாள் பந்தாடிச் சென்றனர். அதே தீவின் மலைகளில், அவர்களினும் பன்மடங்கு கொடிய கட்டில், அவர்கள் பெயரையே கேட்டறியாத ஆயிரக்கணக்கானோர் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தனர்.

அந்தக் கப்பலிலேயே மற்றொரு கட்டும் இருந்தது. கிளாரன்சு டுவால் என்னும் நீக்ரோ இளைஞன் ஒருவனை அணிக்கு நற்பேறு தரும் பொருளாகக் கருதி உடன் கொண்டு சென்றனர். அணிகளுக்கு முன்னே நடந்தும் ஆடியும் வேடிக்கை காட்டுவதே அவன் வேலை. பந்தாட அவனுக்கு இடமில்லை. மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பினத்தார் 1884இல் பெரிய அணியொன்றில் திறம்பட ஆடியவர். கறுப்பரோடு ஆடமாட்டோம் என்று கூச்சலிட்டவர்களுள் முதன்மையானவர் இதே ஆன்சன். 1887க்குப் பின் வாயில் மெல்ல மெல்ல அடைபட்டது. எழுதிய விதி எதுவும் இல்லை. எழுதாத விதியாகவே இருந்து, 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் களம் புகும்வரை அது நீடித்தது. தம் விடுதலைக்காக வழக்காடிய சகோதர சங்கமும் இவர்களைச் சகோதரராகக் கொள்ளவில்லை. நல்ல வழக்கை நடத்துவோர் எல்லாக் கண்களாலும் காண்பதில்லை.

அணிகள் கடலில் இருந்தபோதே, 1888 நவம்பரில், நியூயார்க்கில் கூடிய உரிமையாளர்கள் ஒரு புதிய திட்டத்தை நிறைவேற்றிவிட்டனர். ஆட்டக்காரர் அனைவரையும் ஐந்து வகுப்பாகப் பிரிப்பது. முதல் வகுப்புக்கு 2,500 டாலர், பின் வகுப்புக்கு 250 டாலர் குறைத்துக்கொண்டே வந்து கடை வகுப்புக்கு 1,500 டாலர். எவர் எவ்வகுப்பு என்பதை ஆட்டத்தை மட்டுமன்றி, களத்திற்கு வெளியே அவருடைய நடத்தையையும் பார்த்து லீக் தலைமை முடிவு செய்யும். வார்டை வேண்டுமென்றே உலகைச் சுற்ற அழைத்துச் சென்றுவிட்டனர் என்று ஆட்டக்காரர் பலர் ஐயுற்றனர். ஸ்பால்டிங் உள்ளத்தில் இருந்தது எதுவாயினும், சங்கத்தின் தலைவர் பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்த நேரத்தில் இது நடந்தது என்பது உண்மை. பிரமிடுகளின் அடியில் ஆடி, உரோமையும் பாரிசையும் கடந்து, மார்ச்சு மாதத்தில் இலண்டன் ஆட்டம் முடிந்ததும் வார்டு மற்றவர்களை விட்டுப் பிரிந்து விரைந்து நாடு திரும்பினார்.

உடனே வேலைநிறுத்தம் செய்யவேண்டும் என்று துடித்தவர்களை அவர் அடக்கினார். ஒப்பந்தத்தை முறித்தவர் என்னும் பழி வரக்கூடாதென்பது அவர் கருத்து. பேச்சு வார்த்தைக்கு அழைத்தார், உரிமையாளர் காலங்கடத்தினர். அந்த ஆண்டின் ஆட்டங்கள் முடியும்வரை காத்திருந்து, 1889 நவம்பர் 4ஆம் நாள், ஆடுமாடுகளைப்போல் தாங்கள் விற்கப்படுவதை எடுத்துக்காட்டி, ஆட்டக்காரர் தமக்கென்று ஒரு லீக் அமைப்பதாக வெளியிட்டனர்.

‘ஆட்டக்காரர் லீக்’ எட்டு நகரங்களில் தோன்றிற்று. பணம் போட்டவர்களும் ஆட்டக்காரர்களும் நிர்வாகத்தில் சம பங்கு பெறுவர், ஆதாயத்திலும் பங்குண்டு, ஒதுக்கீடு இல்லை, விருப்பமின்றி எவரையும் விற்க முடியாது. தேசிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரருள் பெரும்பாலோர் இதிற் சேர்ந்தனர். நியூயார்க் கழகம் ஆளோலையை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறியது. வார்டு தங்களுக்கே உரியவர் என்று வழக்குரைத்தது. 1890 ஜனவரியில் நீதிபதி தடையுத்தரவு தர மறுத்தார். ஒரு பக்கத்தாருக்குப் பத்து நாள் போதும், மறுபக்கத்தாருக்கு முடிவே இல்லை என்னும் ஒப்பந்தம் நேர்மையான ஒப்பந்தமாகாது என்பதே அவர் கொண்ட கருத்து. திருவெண்ணெய்நல்லூரில் வென்ற ஓலை நியூயார்க்கில் தோற்றது.

நீதிமன்றத்தில் முடியாததைப் பணத்தால் முடிக்க ஸ்பால்டிங் முயன்றார். பாஸ்டனில் ஆட்டக்காரர் அணிக்குத் தலைமை தாங்கிய கெல்லியைத் தனியே அழைத்து, திரும்பி வந்தால் 10,000 டாலர் தருவதாகக் கூறினார். இதனைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவரும் ஸ்பால்டிங்கே. கெல்லி கைச்செலவுக்குக் கட்டுப்பாடில்லாதவர், குடிப்பழக்கமும் உடையவர், எப்போதும் பணமுடையில் இருந்தவர். சிறிது நேரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே சென்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, தோழர்களைக் கைவிட மனம் வரவில்லை என்று மறுத்துவிட்டார். மறுத்த கையோடு, செலவுக்கு 500 டாலர் கடன் தரமுடியுமா என்று ஸ்பால்டிங்கையே கேட்டாராம். ஸ்பால்டிங் கொடுத்தார். எதிரியைப் பற்றி எதிரி எழுதியது ஆகலின் இதில் புனைவு குறைவு என்று கொள்ளலாம். மூன்றாண்டுகளுக்கு முன் தம்மை விற்றவர்க்குக் கிடைத்த அதே தொகை இப்போது தம் கைக்கே வரவிருந்ததைக் கெல்லி தள்ளினார். 1894இல், 36 வயதிலேயே, அவர் இறந்தார்.

1890ஆம் ஆண்டு ஒரே நகரத்தில் ஒரே நாளில் இரண்டு லீக்குகளும் போட்டியிட்டு ஆடின. கூட்டம் பிரிந்தது, இரு பக்கமும் இலவசச் சீட்டுகளை வாரி வழங்கி, வந்தோர் தொகையை மிகைப்படுத்திச் சொல்லின. ஆட்டத்தின் தரத்தில் ஆட்டக்காரர் லீக் முன்னே நின்றது. ஆனால் நட்டத்தைத் தாங்குவதற்கு ஆட்டக்காரரிடம் முதல் இல்லை. முதல் வைத்திருந்தவர்க்கு இலட்சியம் இல்லை. தங்கள் தரப்பும் வீழும் நிலையில் இருந்ததை மறைத்து, ஸ்பால்டிங் அந்த முதலாளிகளை மட்டும் பேச அழைத்தார். ஆட்டக்காரரின் பிரதிநிதிகளை அந்தப் பேச்சில் அமரவிடவில்லை. முதல் போட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகி, பழைய கழகங்களோடு இணைந்தனர். ஓராண்டு நின்ற அந்த லீக் கலைந்தது. ஒதுக்கீட்டு விதி திரும்பியது. வார்டும் பழைய லீக்கிற்கே வந்து, 1894 வரை ஆடிவிட்டு வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். உரிமையாளரை எதிர்த்த ஆட்டக்காரர்க்காகப் பலமுறை வாதாடினார். 1925இல் மறைந்த அவருடைய பெயர் பந்தாட்டப் புகழ்மண்டபத்தில் பொறிக்கப்பட்டது 1964இல். ஸ்பால்டிங்கின் பெயர் 1939இலேயே பொறிக்கப்பட்டுவிட்டது.

கட்டுகள் வெவ்வேறு காலங்களில் அவிழ்ந்தன. இலங்கைத் தோட்டங்களின் துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. தஞ்சை மாவட்டப் பண்ணையாளின் கூலிக்கும் வேலை நிலைப்புக்கும் முதன்முதலாகச் சட்டத்தின் காப்பு வந்தது 1952இல். அதுவும் வயல்வெளிகளில் பெருங்கிளர்ச்சி எழுந்த பின்னரே. இவற்றை நோக்க, அமெரிக்கப் பந்தாட்டக்காரரின் கட்டு வியக்கத்தக்க நீண்ட ஆயுள் பெற்றிருந்தது. 1922இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், போட்டியை ஒடுக்கும் வணிகக் கூட்டுகளைத் தடுக்கும் சட்டம் தளப்பந்தாட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று கூறிவிட்டது. 1969இல் கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரரைச் செயின்ட் லூயிஸ் கழகம் பிலடெல்பியாவிற்கு மாற்றியபோது, அவர் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். அவர் சம்பளம் ஆண்டுக்கு 90,000 டாலர். இவ்வளவு பெறுபவர் அடிமை என்று முறையிடலாமா என்று கேட்டவர்க்கு, சம்பளம் உயர்ந்தாலும் அடிமை அடிமையே என்று அவர் விடை கூறினார். 1972இல் ஐவர்க்கு மூவர் என்னும் கணக்கில் அவர் தோற்றார்; அவருடைய ஆட்டவாழ்வும் அதோடு முடிந்திருந்தது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர், ஓராண்டு ஒப்பந்தத்தில் உள்ள உரிமை மேலும் ஓராண்டுக்கே செல்லும், என்றென்றைக்கும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். 96 ஆண்டுகளுக்கு முன் பஃபலோவில் போட்ட முடிச்சு இவ்வாறு அவிழ்ந்தது.

இந்தியாவில் 2008 பிப்ரவரி 20ஆம் நாள் மும்பையில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டபோது, மனிதரை ஏலமிடுவதா என்று கேட்டோர் பலர். அன்று மகேந்திரசிங் தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் டாலருக்கு எடுத்தது. ஏலம் என்னும் சொல் செவிக்கு இனியதன்று. நெல் மூட்டைக்கும் மாட்டுக்கும் வழங்கும் சொல் அது. எனினும் கெல்லியின் விற்பனைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை ஏலத்தின் ஆரவாரத்திற் காணமுடியாது. ஒப்பந்தத்தைப் படித்தே காணவேண்டும். ஏலத்திற்குத் தம் பெயரைக் கொடுப்பவர் ஆட்டக்காரரே. கூறப்படும் விலை அவருக்குரிய ஊதியம். ஒப்பந்தத்திற்கு ஆண்டு வரம்பும் உண்டு. சிகாகோ கழகம் 1887இல் பெற்ற 10,000 டாலர் கெல்லியின் ஊதியம் அன்று; அவரைத் தந்ததற்கு விலை.